ஆலை வருகிறது, ஊரைக் கேட்டார்களா?

அரியலூர் ஜில்லா ஜயங்கொண்டம் சிப்காட் தொழிற்பேட்டையில், தைவான் தேசத்து டீன் ஷூஸ் கம்பெனியின் பாதரட்சை ஆலைக்கு 2024 நவம்பர் 15ஆம் தேதி முதல் மந்திரி திரு மு. க. ஸ்டாலின் அஸ்திவாரக் கல் நாட்டினார். தோல் சேராத பாதரட்சைகள் அங்கே செய்யப்படும். மூலதனம் 1,000 கோடி ரூபாய். நிலம் சுமார் 130 ஏக்கர். வேலை பெறப் போகிறவர்கள் 15,000 பேர் என்று சர்க்கார் அறிவித்தது. அதற்கு முன்பே, பக்கத்து ஜில்லாவான பெரம்பலூரில், எறையூர் தொழிற்பூங்காவில் 2022 நவம்பர் 28ஆம் தேதி இத்தகைய பாதரட்சைப் பூங்காவுக்கு அடிக்கல் இடப்பட்டு, 2023 நவம்பரில் முதல் ஆலை திறக்கப்பட்டும் விட்டது. நேற்றுவரை சிமெண்டுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் மட்டுமே பெயர் பெற்றிருந்த இரு ஜில்லாக்கள், உலகத்தார் காலில் மாட்டும் பாதரட்சைகளைத் தைத்து அனுப்பும் இடங்களாக மாறத் தொடங்கியிருக்கின்றன.

இதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் கீழே நாம் எழுதப்போவதைப் படித்துவிட்டு, கைத்தொழில் அபிவிருத்திக்கு நாம் விரோதிகள் என்று பழி சுமத்தச் சிலர் ஆயத்தமாக இருப்பார்கள். அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களின் நிலைமையை அறிந்த எவனும் அங்கே ஆலை வேண்டாமென்று சொல்லத் துணியமாட்டான். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகள் கொஞ்சம் கை கொடுக்கின்றன. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் ராஜ்யத்திலேயே மிகக் குறைந்த ஜனத்தொகையுள்ள ஜில்லா பெரம்பலூர்தான், 5,65,223 பேர். திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா தேசங்களுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் இல்லாத தெரு அங்கே அபூர்வம். அரியலூரின் சுண்ணாம்புக்கல்லோ பல தலைமுறையாகச் சிமெண்டு ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஜில்லாவுக்கு மிஞ்சியவை ஆழமான பள்ளங்களும், சாலையை அடைத்து ஓடும் லாரிகளும், வீட்டுத் திண்ணையில் படியும் தூசியுமே. இந்த நிலையில், புகைபோக்கி இல்லாத, பெண்கள் உட்கார்ந்து செய்யக்கூடிய, மாதச் சம்பளம் தரும் தொழில் வருகிறதென்றால் வரவேற்காமல் என்ன செய்வது?

ஆனால் வரவேற்பு வேறு, விசாரணை வேறு. பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தாலும் நாலு பேரைக் கேட்டுத்தான் நிச்சயம் செய்கிறோம். ஆயிரம் கோடி ரூபாய் ஆலை ஓர் ஊருக்கு வரும்போது, அதன் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், வேலைக்காரர்கள் எங்கே தங்குவார்கள், சொன்னபடி ஆலை ஓடாவிட்டால் நிலம் யாருக்கு என்ற கேள்விகளை எந்த இடத்தில், யார் முன்னிலையில், எந்தச் சட்டப்படி அவ்வூர் ஜனங்கள் கேட்கலாம்? அதற்குரிய இடத்தைத் தேடிப் பார்த்தோம். தேடியதில் நாம் கண்டது நமக்கே ஆச்சரியமாயிருந்தது.

முதற்படி நிலம். 2013இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய நில எடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்குமுன் அதனால் சமூகத்துக்கு ஏற்படும் விளைவை ஆராய்ந்து, கிராமத்திலேயே பகிரங்கமாக விசாரிக்கவேண்டுமென்றும், தனியார் கம்பெனிக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 100க்கு 80 சம்மதிக்கவேண்டுமென்றும் விதித்தது. நல்ல சட்டம். ஆனால் நம் ராஜ்யத்தில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது அச்சட்டப்படியல்ல. 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டப்படி. அதில் சமூக விளைவு ஆராய்ச்சியும் கிடையாது, சம்மதமும் கிடையாது. சென்னை ஹைக்கோர்ட் 2019 ஜூலையில் இச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அதே வருஷத்தில் சட்டசபை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. இச்சட்டப்படி ஆட்சேபம் சொல்ல உரிமை பெற்றவர்கள் நிலத்தின் சொந்தக்காரரும் அதில் பாத்தியதை உள்ளவர்களுமே. அந்த நிலத்தில் களை பறித்துப் பிழைத்தவளும், ஆடு மேய்த்தவனும், பக்கத்து ஏரிப் பாசனக்காரனும் கணக்கில் இல்லை.

அடுத்தபடி சுற்றுச்சூழல். மத்திய சர்க்காரின் 2006ஆம் வருஷத்து அறிவிக்கைப்படி, பெருத்த மாசு உண்டாக்கும் ஆலைகளுக்கு ஜில்லாவில் பொதுஜனக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். ஆனால் 500 ஹெக்டேருக்கு உட்பட்ட தொழிற்பேட்டையில், அந்த அறிவிக்கையின் பட்டியலிலுள்ள ஆலை எதுவும் இல்லாவிட்டால், பேட்டைக்கு அனுமதியே வேண்டியதில்லை. பெரிய கட்டடங்களுக்கென்று வேறு விதி இருந்தாலும் அதிலும் பொதுஜன விசாரணை கிடையாது. இலகு ரகத் தொழில் என்ற பட்டம் பெற்றுவிட்டால், ஊராரின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்துவிடலாம் என்பது இதன் தாத்பரியம். புகை இல்லாத ஆலைக்கு இவ்வளவு பரபரப்பு ஏன் என்று கேட்கலாம். புகையைப் பொறுத்தவரை ஆலை இலேசானதுதான். ஊரைப் பொறுத்தவரை அப்படியல்ல. 2011 கணக்குப்படி ஜயங்கொண்டம் நகரத்தின் ஜனத்தொகை முப்பதினாயிரத்தைச் சற்றே தாண்டியது. 15,000 தொழிலாளர் என்றால் கிட்டத்தட்ட அரை நகரம்!

மூன்றாவதாக ஊரமைப்பு. இதில்தான் நமக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. சென்னை ராஜதானியில் 1920ஆம் வருஷத்திலேயே நகரமைப்புச் சட்டம் பிறந்துவிட்டது. முனிசிபாலிடியார் ஒரு திட்டம் வகுத்தால் அதைப் பிரசுரித்து ஆட்சேபங்களைக் கேட்கவேண்டுமென்பது அதன் அடிப்படை. அதன் இடத்தில் வந்த 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும், முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது ஜனங்களுக்கு ஆட்சேபிக்க அவகாசம் தருகிறது. ஆனால் திட்டம் இருந்தாலல்லவா ஆட்சேபிக்கலாம்! நம் கிராமங்களில் மிகப் பெரும்பாலானவை எந்த முழுமைத் திட்டத்துக்குள்ளும் இல்லை. அங்கே புன்செய் ஆலை மனையாக மாறுவதற்கு நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு வேண்டும். காகிதம் காரியாலயத்திலிருந்து காரியாலயத்துக்குப் போய்த் திரும்புகிறது. ஊர்ச் சாவடியில் அது ஒரு நாளும் வாசிக்கப்படுவதில்லை. 2018இல் வந்த வியாபார வசதிச் சட்டம் இந்தக் காகிதங்களுக்கெல்லாம் கெடு வைத்து, ஒரே ஜன்னலில் முடிக்க ஏற்பாடு செய்திருக்கிறது. முதலாளி நாலு ஆபீஸ் ஏறி இறங்கவேண்டாமென்பது நியாயமே. குடியானவனுக்கு ஒரு ஜன்னலாவது வைத்தார்களா?

பிரிட்டனில் 1947ஆம் வருஷத்துச் சட்டம் முதலாக, ஒருவன் தன் நிலத்தில் சில பட்டறைக் கொட்டகைகள் எழுப்ப நினைத்தாலும், மனுவும் வரைபடமும் ஸ்தல கவுன்ஸிலில் பகிரங்கமாக வைக்கப்படுகின்றன. அக்கம்பக்கத்தார் எழுத்து மூலம் ஆட்சேபிக்கிறார்கள். லாரி எத்தனை மணிக்கு ஓடலாம் என்பதுவரை நிபந்தனை போட்டு ஜனப் பிரதிநிதிகள் முடிவு செய்கிறார்கள். நம்மை ஆண்ட காலத்தில் அவர்கள் நமக்குக் கொடுத்தது 1894ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம். தங்களுக்கு வைத்துக்கொண்டது இது. சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்தப் பங்கீடு மாறவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

கேட்காமல் செய்ததன் பலனை இந்த இரு ஜில்லாக்களைப்போல அனுபவித்தவை வேறு அதிகமில்லை. 1990களின் பிற்பாதியில் ஜயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்சாரத் திட்டத்துக்கென்று 13 கிராமங்களில் சர்க்கார் ஸ்தாபனமான டிட்கோ ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தது. ஒரு கூடை நிலக்கரியும் வெட்டப்படவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. நஷ்ட ஈடு போதாதென்று குடியானவர்கள் கோர்ட்டு ஏறினார்கள். வழக்கு போட்ட தகப்பன் மாண்டு, மகன் வாய்தாவுக்கு நடந்தான். நிலம் சர்க்கார் பெயரில். உழுகிறவன் பழைய சொந்தக்காரன். பட்டா இல்லாததால் பாங்கியில் கடன் இல்லை. விற்கவும் முடியாது, பெண்ணுக்குச் சீர் எழுதவும் முடியாது. கால் நூற்றாண்டு இப்படிக் கழிந்தபின் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. நல்ல தீர்மானம்தான். போன இருபத்தைந்து வருஷத்தை எந்த உத்தரவு போட்டுத் திருப்பிக் கொடுப்பது?

பெரம்பலூர் கதையும் இதற்கு இளைத்ததல்ல. 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்த சூட்டில், ஜி.வி.கே. குழுமத்தின் மண்டலத்துக்கென்று திருமாந்துறை, பெண்ணகோணம், எறையூர் வட்டாரத்தில் சுமார் 3,000 ஏக்கர் சேர்க்கப்பட்டது. ஆலைகள் வரிசையாக வரும், குடும்பத்துக்கு ஒரு வேலை கிடைக்கும் என்ற பேச்சை நம்பி ஜனங்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். வருஷங்கள் ஓடின, பெரும்பகுதி தரிசாய்க் கிடந்தது, கருவேல் முளைத்தது. நிலம் கொடுத்தவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடும்படி ஆயிற்று. எறையூரில் பாதரட்சை ஆலை ஓடத் தொடங்கியது இதற்கெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகுதான். ஆலைக்கு வேண்டியது சில நூறு ஏக்கர், எடுத்ததோ ஆயிரக்கணக்கில். அந்தக் கணக்கை முதலிலேயே ஒரு கிராமக் கூட்டத்தில் வைத்திருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத கிழவன்கூட, "இவ்வளவும் எதற்கு ஐயா?" என்று கேட்டிருப்பான்.

வெளியூர் உதாரணங்களும் உண்டு. வங்காளத்தில் சிங்கூரில் 2006இல் மோட்டார் ஆலைக்கென்று எடுத்த சுமார் 1,000 ஏக்கர் நிலத்தை, பத்து வருஷத்துக்குப் பிறகு, 2016 ஆகஸ்டு 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு குடியானவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. குடிகளின் ஆட்சேபங்கள் முறையாக விசாரிக்கப்படவில்லை என்பது அத்தீர்ப்பில் முக்கியமான காரணங்களில் ஒன்று. நம் ராஜ்யத்திலேயே, திருவண்ணாமலை ஜில்லாவில் செய்யாற்றை அடுத்த மேல்மாவில், தொழிற்பேட்டை விஸ்தரிப்பை எதிர்த்து மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்த விவசாயிகளில் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் தடுப்புச் சட்டம் வீசப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தபின், அவர்களில் அறுவர் மீதான உத்தரவைச் சர்க்கார் திரும்பப் பெற்றது. ஆட்சேபம் சொல்லச் சட்டத்தில் ஓர் இடம் இருந்திருந்தால் பந்தல் எதற்கு?

ஒவ்வொரு கிராமத்தையும் கேட்டுக்கொண்டிருந்தால் தைவான்காரன் வியட்நாமுக்குப் போய்விடுவான், இல்லாவிட்டால் ஆந்திரத்துக்குப் போய்விடுவான் என்று சில பெரிய மனிதர்கள் சொல்லுகிறார்கள். இந்த ஆட்சேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. போட்டி உண்மை, பாதரட்சைத் தொழிலுக்கென்றே 2022 ஆகஸ்டில் தனிக் கொள்கை வெளியிட்டு நம் சர்க்கார் முந்திக்கொண்டதும் பாராட்டத்தக்கதே. ஆனால் மூலதனம் போடுகிறவன் பயப்படுவது ஆறு மாத விசாரணைக்கா, அல்லது இருபது வருஷ வழக்குக்கா? ஜயங்கொண்டம் நிலக்கரித் திட்டத்தில் கிராமத்தைக் கேட்டதனால் ஒரு நாளும் தாமதம் ஏற்படவில்லை, கேட்கவே இல்லை. அப்படியும் கால் நூற்றாண்டு போயிற்று.

சரி, விசாரணை நடந்தால் என்ன கேட்கவேண்டும்? முதலில் தண்ணீரைச் சொல்லுகிறோம். ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது கட்டட நெறிமுறைகளில் வழங்கும் கணக்கு. 15,000 பேருக்கு 6,75,000 லிட்டர். அவர்கள் வீட்டுச் செலவு இதில் சேராது. ஜில்லாவின் தெற்கெல்லையில் ஓடும் கொள்ளிடத்தின் மணலடி நீரைத்தான் இவ்வட்டாரம் குடிதண்ணீருக்கு நம்பியிருக்கிறது. அந்த நீரில் ஆலைக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, கோடையில் குறைந்தால் முதலில் யாருக்கு நிறுத்துவது? கங்கைகொண்ட சோழபுரத்தில் தலைநகரம் அமைத்த ராஜேந்திரன் பக்கத்திலேயே சோழகங்கம் என்னும் மகா ஏரியையும் வெட்டினான். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு ராஜாவுக்குத் தோன்றியது நம் தொழில் இலாகாவுக்கும் தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் அந்தக் கணக்கை ஜனங்களிடம் காட்டுவதில் என்ன கஷ்டம்?

தோல் இல்லாவிட்டாலும் பசை உண்டு. பாதரட்சையின் அடியையும் மேலையும் ஒட்டுவதற்கு இரசாயனத் திராவகங்கள் கலந்த பசை வேண்டும். அதன் ஆவியை நாள் முழுதும் சுவாசிப்பவர்கள் ஆலைக்குள்ளிருக்கும் பெண்களே. கத்தரித்து மிஞ்சும் ரப்பரும் நுரைத் துண்டும் மலைபோல் குவியும். அதைக் குப்பை மேட்டில் கொளுத்தினால் இலகு ரகத் தொழிலின் புகை கனரகப் புகையாகிவிடும். அனுமதிச் சீட்டில் இவற்றுக்கு நிபந்தனைகள் இருக்கலாம். அந்தச் சீட்டைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துக் காரியாலயத்தில் ஒட்டச் சொல்லுகிறோம். நிபந்தனை என்னவென்று தெரிந்தாலல்லவா, மீறினால் புகார் சொல்ல முடியும்!

பெண்கள் விஷயத்தை இன்னும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இத்தொழிலில் வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலார் இளம் பெண்களாகவே இருக்கிறார்கள். செந்துறையிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி இருட்டியபின் திரும்பப் போகிற அந்தப் பெண்களுக்குச் சாலையில் விளக்கு உண்டா, பஸ் உண்டா, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே அந்த பஸ் எப்படி ஓடும், தூர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தங்க விடுதி எங்கே என்பவை ஆலை முதலாளி ஒருவரே தீர்க்கக்கூடிய விஷயங்களல்ல. முனிசிபாலிடி, பஞ்சாயத்து, நெடுஞ்சாலை இலாகா, போலீஸ் ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசவேண்டியவை. உள்ளூர்ப் பெண்களை அழைத்துக் கேட்டால், எந்த முடுக்கில் விளக்கு வேண்டுமென்று அவர்கள் சொல்லுவார்கள். சென்னையிலுள்ள நிபுணருக்கு அது தெரியாது.

அப்படி உட்கார்ந்து பேசுவதற்கு அரசியல் சட்டமே ஒரு சபையை ஏற்படுத்தியிருக்கிறது. 243ஆம் ஷரத்தின் இசட்-டி பிரிவு சொல்லும் ஜில்லாத் திட்டக் குழு அது. பஞ்சாயத்துகளின் யோசனைகளையும் முனிசிபாலிடிகளின் யோசனைகளையும் சேர்த்து, தண்ணீர்ப் பங்கீடு முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புவரை ஜில்லா முழுதுக்கும் நகல் திட்டம் வகுப்பது அதன் கடமை. அங்கத்தினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதிகளிலிருந்தே வரவேண்டும். நம் ராஜ்யத்தில் 2023 ஜூனில் இக்குழுக்களுக்குத் தேர்தலும் நடந்தது. ஆனால் தொழிற்பேட்டை எங்கே என்பதைத் தீர்மானிப்பது சிப்காட், குழுவல்ல. போதாக்குறைக்கு, அரியலூர், பெரம்பலூர் உள்ளிட்ட 28 ஜில்லாக்களில் கிராமப் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்தாமல், பஞ்சாயத்துகளைத் தனி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். ஆலை எழும்புகிற சமயத்தில் ஊர் சார்பில் பேசவேண்டிய நாற்காலி காலி! சர்க்கார் அதிகாரி சர்க்கார் திட்டத்தை ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்ப்பதற்கு நாம் அவ்வளவு அப்பாவிகளல்ல. இதை எந்தக் கட்சி செய்தது என்ற தர்க்கத்தில் நாம் இறங்கவில்லை. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலைத் தள்ளிவைக்கும் வித்தையில் நம் ராஜ்யத்தின் இரு பெரிய கட்சிகளும் கைதேர்ந்தவையே.

ஆயினும் கிராம சபை கலைந்துவிடவில்லை. அதில் அங்கத்தினராவதற்கு வோட்டர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி தினம் என்று வருஷத்தில் ஆறு முறை அது கூடுகிறது. ஜயங்கொண்டம், எறையூர் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலுள்ள தேச பக்தர்கள் அந்த நாட்களை வீணாக்காதிருக்கவேண்டும். ஆலையின் தண்ணீர்க் கணக்கு, கழிவு ஏற்பாடு, ஜில்லாவாசிகளுக்கு வேலையில் பங்கு, பஸ், விடுதி ஆகிய விவரங்களைத் தமிழில் சபையின் முன் வைக்கும்படி தீர்மானம் எழுதிக் கலெக்டருக்கும் சிப்காட்டுக்கும் அனுப்பவேண்டும். ஐந்து வருஷத்துக்குள் ஆலைக்குப் பயன்படாத நிலம் கொடுத்தவர்களிடமே திரும்பவேண்டுமென்று, இனி எடுக்கும் ஒவ்வொரு ஏக்கருக்கும் எழுத்து மூலமான உறுதி கேட்கவேண்டும். சட்டசபையிலுள்ள நம் பிரதிநிதிகள் 1997ஆம் வருஷத்துச் சட்டத்தில் இரண்டே திருத்தங்கள் கொண்டுவந்தால் போதும்: நிலம் எடுக்குமுன் கிராம சபையில் பகிரங்க விசாரணை, ஐந்து வருஷக் கெடு. எறையூரில் இன்று தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. திருமாந்துறையில் தரிசாய்ப் போன நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவள் தகப்பனுக்கு, இவை அப்போதே சட்டத்தில் இருந்திருந்தால், நிலம் எப்போதோ திரும்பியிருக்கும்.